கொழும்பு திருப்பிக் கேட்ட செய்தி: 1942 ஏப்ரல் 4 பற்றி ஒரு மறுவிசாரணை

1942 ஏப்ரல் 4-ஆம் தேதி மாலை நான்கு மணியளவில், இலங்கையின் தேவேந்திரமுனைக்குத் தென்கிழக்கே சுமார் 360 மைல் தொலைவில் ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிப் படையைக் கண்டு, கண்டதைக் கம்பியில்லாத் தந்தியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்ட கனடிய 413-ஆம் ஸ்குவாட்ரனின் கட்டலினா கடல்விமானத்தைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் நிலவிவருகின்றன. விமானத் தலைவர் லெனார்ட் பர்ச்சலை இலங்கையின் ரட்சகர் எனப் போற்றுவது ஒன்று. ஜப்பானியச் சங்கேதங்களைப் படித்ததன் பயனாகத் தாக்குதல் முன்னரே தெரிந்திருந்தமையால் அச்செய்தி புதிதாக எதையும் தந்துவிடவில்லை என்று மறுப்பது மற்றொன்று. இன்று கற்றோரிடையே செல்வாக்குப் பெற்றிருப்பது பின்னதே. அது பிழையென்று கருதுகிறேன்.

சங்கேதங்கள் அறிவித்தது ஏப்ரல் முதல் தேதியையொட்டிய ஒரு தாக்குதலை. அத்தேதியை எதிர்பார்த்து இலங்கைக்குத் தெற்கே கடலில் காத்திருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஸாமர்வில், பகைவரைக் காணாமல், 2-ஆம் தேதி இரவு தம் கப்பல்களை நீரும் எண்ணெயும் நிரப்புவதற்காக மாலைத்தீவிலுள்ள அட்டுத் தீவுகளுக்குத் திருப்பினார். டார்ஸெட்ஷயர், கார்ன்வால் என்ற இரு குரூசர்களைக் கொழும்புக்கும், ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கியைத் திருகோணமலைக்கும் அனுப்பிவிட்டார். அபாயம் உடனே வரும் என்று நம்பும் தளபதி படையை அவ்வாறு பிரித்து அனுப்புவாரா? 4-ஆம் தேதி நண்பகலுக்குள் முந்தைய எச்சரிக்கை நடைமுறையில் காலாவதியாகிவிட்டிருந்தது. அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது, இலங்கையின் கொக்கலைத் தளத்துக்கு வந்து இரண்டே நாளான ஒரு விமானக் குழுவின் செய்திதான்.

இனி, விவாதத்துக்குரிய ஆதாரத்துக்கு வருவோம். யுத்தத்துக்குப் பின் பர்ச்சல் கூறிய விவரம் இது: விடியுமுன் புறப்பட்டுப் பகல் முழுவதும் ரோந்து சுற்றித் திரும்பும் தறுவாயில், தெற்கே அடிவானத்தில் சில புள்ளிகளைக் கண்டு அவற்றை நோக்கிச் சென்றனர், கப்பல்கள் தெளிவாகப் புலப்பட்டதும் செய்தியை விதிப்படி மும்முறை அனுப்பத் தொடங்கினர், மூன்றாம் முறை அனுப்பும்போது ஜீரோ விமானங்களின் குண்டு தந்திக் கருவியைச் சிதைத்தது. ஒன்பது பேரில் ஒருவர் விமானத்தோடு மூழ்கினார். படுகாயமுற்று, மிதவைச் சட்டையோடு நீரில் கிடந்தமையால் முழுகித் தப்ப இயலாத இருவர் மேலிருந்து சுடப்பட்டு மாண்டனர். எஞ்சிய அறுவரை இஸோகாஸே என்னும் நாசகாரிக் கப்பல் சிறைப்பிடித்தது. செய்தி ஏதும் அனுப்பவில்லை என்று அவர்கள் சாதித்தனர்; ஆனால் அதைத் திருப்பி அனுப்புமாறு கொழும்பு கேட்டதை ஜப்பானியர் ஒட்டுக்கேட்டுவிட்டனர்; பொய் வெளிப்பட்டது; அடியும் உதையும் தொடர்ந்தன.

கொழும்பு அவ்வாறு கேட்டதையே, செய்தி அங்கே விளங்கவில்லை என்பதற்குச் சான்றாக மறுப்போர் காட்டுகின்றனர். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. வந்து சேராத செய்தியைத் திருப்பிச் சொல்லும்படி எவரும் கேட்பதில்லை. அரைகுறையாக வந்ததையே கேட்பார்கள். அன்று மாலை ஸாமர்வில்லுக்குக் கிட்டிய அறிவிப்பும் இதற்கு இசைகிறது: பெரும்படை என்பது இருந்தது, இடம் இருந்தது, அப்படை எவ்வகைக் கப்பல்களால் ஆனது என்ற விவரம் மட்டும் இல்லை. கேட்கப்பட்டது அந்த விடுபட்ட பகுதியாகத்தான் இருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்லத் துணியேன். எனினும் இரு சாக்ஷியங்களையும் முரணின்றிப் பொருத்தும் வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. மேலும், தம் செய்தி முழுமையாகப் போய்ச் சேரவில்லை என்பதைத் தம் வாயாலேயே வெளிப்படுத்தும் ஒருவரைச் சுயபுராணம் பாடுபவராகக் கொள்வது நியாயமன்று.

மறுநாட்காலை இரத்மலானை விமானத்தளத்தில் போர்விமானங்கள் தரையிலேயே அகப்பட்டுக்கொண்டனவே என்ற ஆட்சேபம் செய்தியின் மதிப்பைத் தொடுவதேயில்லை. அது ரேடாரின் தவறு, காவலின் தவறு. செய்தியின் உண்மையான விளைவு கடலில் நிகழ்ந்தது, அதுவும் ரட்சகர் என்ற பட்டத்துக்கு ஒவ்வாத முறையில். துறைமுகத்தைவிட்டுப் பல கப்பல்கள் வெளியேறித் தப்பின. அதே எச்சரிக்கையால் அன்றிரவு கொழும்பை விட்டுப் புறப்பட்ட இரு குரூசர்கள் மறுநாட் பிற்பகல் நடுக்கடலில் மூழ்கின. மாண்டோர் 424 பேர். ஒரு செய்தி சிலரைக் காப்பதும் வேறு சிலரை அபாயத்தின் வழியில் செலுத்துவதும் ஒருங்கே நிகழக்கூடும். இவ்விரண்டும் சேர்ந்துதான் அதன் சரித்திர முக்கியத்துவம். முதலதை மட்டும் சொன்னது பழைய மரபின் குறை, இரண்டையும் விட்டது புதிய ஆராய்ச்சியின் குறை.

இவ்விரு தரப்பாரும் பர்ச்சல் ஒருவரையே சுற்றி வாதாடுவதற்குக் காரணம் அவர் உயிரோடு மீண்டு பேசியதே. 5-ஆம் தேதி விடியற்காலையில் அதே படையைத் தொடர்ந்துசென்ற 205-ஆம் ஸ்குவாட்ரனின் கிரஹாம் குழுவில் ஒருவரும் பிழைக்கவில்லை; 9-ஆம் தேதி காலை திருகோணமலைக்குக் கிழக்கே அப்படையைக் கண்டு அறிவித்த 413-ஆம் ஸ்குவாட்ரனின் தாமஸ் குழுவிலும் ஒருவர்கூட இல்லை. அவர்களுடைய செய்திகளை ஆராய்வதற்கு, கரையில் கேட்டு எழுதிக்கொண்ட குறிப்புகளைத் தவிர வேறு வழியில்லை. பர்ச்சலின் செய்தியையும் முதலில் அவ்வாறே, பெற்றவர் பக்கத்திலிருந்து படித்த பின்னரே அவருடைய வாக்குமூலத்துக்குச் செல்ல வேண்டும். அவ்வாறு படித்தால், தாமஸின் செய்தி தாமதமானதென்று தெரிகிறது: அது எட்டிய வேளையில் தாக்கும் விமானங்கள் ஏற்கெனவே திருகோணமலையை நோக்கிப் பறந்துகொண்டிருந்தன. முன்னிரவே துறைமுகத்திலிருந்து வெளியேற்றப்பட்டிருந்த ஹெர்மிஸ், அன்று முற்பகலில் மட்டக்களப்புக்கு அருகே 307 பேருடன் மூழ்கியது.