காது கேட்கும், சொல் விளங்காது

தமிழில் 'கேட்டல்' என்னும் ஒரே சொல், ஒலியைச் செவியில் ஏற்பதையும் சொன்னபடி நடப்பதையும் குறிக்கின்றது. இந்தியில் 'சுன்தா நஹீ' என்பதும் அப்படியே. ஆகையால் 'இவன் சொன்னால் கேட்பதில்லை' என்று தாயார் முறையிட்டாலும் ஆசிரியர் முறையிட்டாலும், பிழை பிள்ளையின் குணத்தில் இருப்பதாகவே கொள்ளுகிறோம். செவியில் யாதொரு பழுதும் இன்றியே, கேட்ட சொல் மூளையில் உருப்பெறாமல் சிதைவதும் உண்டு. மருத்துவ உலகம் இதனை உணர்ந்த வரலாறு நேயர்கள் அறியத்தக்கது.

1874-ஆம் ஆண்டில் கார்ல் வெர்னிக்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர், பிறர் பேச்சின் பொருளை உணர இயலாதுபோன நோயாளிகளை ஆராய்ந்து, மூளையில் இடப்புறப் பொட்டை அடுத்த பகுதியே பழுதுபட்டது என்று காட்டினார். அப்பொழுது அவருக்கு வயது 26. 1877-இல் அடோல்ஃப் குஸ்மௌல் இந்நிலைக்குச் 'சொற்செவிடு' என்னும் பொருள்படப் பெயரிட்டார். பெயர் கிடைத்ததேயன்றி, அளந்தறியும் வழி கிடைக்கவில்லை.

1954-இல் இத்தாலியில் எட்டோரே பொக்காவும் அவருடைய துணைவர்களும் செய்த சோதனையைச் சற்று விரித்தே கூறவேண்டும். மூளையின் பொட்டுப் பகுதியில் கட்டி கண்டவர்கள், வழக்கமான செவிப் பரிசோதனையில் குறையின்றித் தேறினர். பொக்கா பேச்சையே கெடுத்துப் பார்த்தார். உச்சத் தொனிகளை வடித்து நீக்கி, சுவருக்கு அப்பாலிருந்து வருவது போன்ற மங்கிய பேச்சை ஒவ்வொரு செவியிலும் தனித்தனியே ஒலிக்கச் செய்தார். பழுதற்ற மூளை, விடுபட்டதை ஊகித்து நிரப்பிக்கொண்டது. நோயாளிகளோ, கட்டிக்கு எதிர்ப்புறச் செவியில் தடுமாறினர். தெளிவான பேச்சில் மறைந்திருந்த குறை, மங்கிய பேச்சில் வெளிப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஹெல்மர் மைக்கில்பஸ்ட், குழந்தைகளின் செவிக் குறைகள் யாவும் ஒரே வகையின அல்ல என்று நூலெழுதி வற்புறுத்தினார்.

கட்டி முதலிய நோயேதும் இல்லாத குழந்தைகளிடமும் இத்தடுமாற்றம் உண்டென்பது பின்னர்த் தெளிவாயிற்று. இது தனிக் குறைதானா, அன்றிக் கவனக்குறைவும் மொழிக்குறைவும் கலந்ததா என்ற விவாதம் நிபுணரிடையே இன்றும் ஓயவில்லை. விவாதம் முடியும் வரையில் பிள்ளை காத்திருக்க வேண்டியதில்லை. மின்விசிறி இரையும் வகுப்பில் அவனை ஆசிரியருக்கு அருகே அமர்த்துவதும், முகம் பார்த்துச் சிறு சிறு வாக்கியமாகச் சொல்வதும், சொன்னதை எழுதிக் காட்டுவதும் செலவில்லாத உதவிகள். ஆசிரியரின் குரலை நேரே செவிக்குக் கொண்டுவரும் சாதனங்களும் இருக்கின்றன.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனிக் கவலை ஒன்றுண்டு. பின்னாளில் பயின்ற மொழியே இரைச்சலில் முதலில் நழுவுவது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கும், சந்தடி மிக்க கூட்டத்தில் இந்தி பாதிதான் எட்டுகிறது. எனவே பிள்ளையைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோர், வீட்டு மொழி தமிழ் என்பதை முதலிலேயே தெரிவித்தல் வேண்டும். மைசூரில் 1965-இல் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிலையம் போன்ற இடங்களில் இந்திய மொழிகளிலேயே சோதனைகள் வகுக்கப்பட்டுள்ளன. பழகாத மொழியின் சொற்களைக் கொண்டு சோதித்தால், பிள்ளை தவறவிட்டது மூளையின் குறையாலா, மொழி புதிதென்பதாலா என்று பிரித்தறிய இயலாது.