கிருபையும் வாளும் – 7: பாரமான பெட்டி

1619 ஜனவரி 14. ஹாலந்தின் டோர்ட்ரெக்ட் நகரில் கூடிய சினட்டின் (திருச்சபை மாமன்றத்தின்) தலைவர் போகர்மன் ஆத்திரத்தில் கத்தி, இறையியலாளர் அர்மினியஸின் சீடர்களான முறையீட்டாளர்களை வெளியே போகச் சொன்னார். அவர்களின் தலைவர் எபிஸ்கோபியஸும் கூட்டாளிகளும் எழுந்து போனார்கள். தீர்ப்பு முன்பே முடிவாகியிருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது; வாதிட வந்தவர்களைக் குற்றவாளிகளாக அல்லவா அழைத்திருந்தார்கள்!

அப்படி என்ன பேதம்? தேவ கிருபை இல்லாமல் மனிதனால் நன்மையை நினைக்கக்கூட இயலாது. இதை அர்மினியஸின் சீடர்களே 1610 முறையீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். (சுயமுயற்சியால் இரட்சிப்பு என்று அவர்கள் போதித்ததாக இன்றும் சிலர் சொல்வது அபாண்டம்.) சண்டை அதற்கு அடுத்த படியில். தேடி வரும் கிருபையை மனிதன் தள்ளிவிட முடியுமா? முடியும் என்றார்கள் இவர்கள். இன்னார் விசுவாசிப்பார் என்று முன்னறிந்தே தேவன் தெரிந்துகொண்டார் என்றும் சொன்னார்கள். கால்வின் வழியினர் கொதித்தார்கள். தேவன் தெரிந்துகொண்டதால்தானே ஒருவன் விசுவாசிக்கிறான்? இல்லாவிட்டால் இரட்சிப்பில் கடைசி முடிவு மனிதன் கைக்குப் போய்விடாதா?

இதற்குள் அரசியலும் புகுந்தது. 1609-இல் ஸ்பெயினோடு பன்னிரண்டாண்டுப் போர்நிறுத்தம் செய்து முடித்தவர் ஹாலந்தின் முதுபெரும் அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட். முறையீட்டாளர்களுக்கு அரணாக நின்றவரும் அவரே. இளவரசர் மாரிஸ் எதிர்ப்பக்கம் சாய்ந்தார். 1618 ஆகஸ்டில் கிழவர் சிறைக்குப் போனார். சினட் அயல்நாட்டுப் பிரதிநிதிகளை வழியனுப்பிய நான்காம் நாள், 1619 மே 13, தி ஹேக் நகரில் அவர் தலை வெட்டப்பட்டது. வயது எழுபத்தொன்று.

அவரோடு பிடிபட்ட சட்டமேதை ஹ்யூகோ குரோஷியஸுக்கு ஆயுள்சிறை. லூவஸ்டெய்ன் கோட்டையில் மனைவி மரியாவும் உடன் தங்கினார். குரோஷியஸ் படிக்கப் பெட்டி நிறையப் புத்தகங்கள் வரும், படித்தவை திரும்பிப் போகும். முதலில் காவலர்கள் ஒவ்வொரு முறையும் திறந்து துழாவினார்கள். எப்போதும் புத்தகம்தான். சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். மரியா அதைக் கவனித்தார்.

1621 மார்ச் 22. கோட்டைத் தலைவர் ஊரில் இல்லை. பெட்டியைத் தூக்கிய சிப்பாய்களில் ஒருவன், இந்தக் கனம் கனக்கிறதே, உள்ளே அர்மினியஸ் கட்சிக்காரன் எவனாவது இருக்கிறானா என்று கேட்டதாகச் சொல்வார்கள். கேட்டதோடு விடவில்லை. திறப்பதா, அனுப்புவதா என்று கோட்டைத் தலைவரின் மனைவியிடமே போய் நின்றான்.

(தொடரும்)