வாட்சனின் காயம்

ஷெர்லக் ஹோம்ஸ் என்னும் துப்பறியும் வல்லாரை உங்களுட் பலர் அறிவீர்கள். அவருடைய உற்ற தோழர் டாக்டர் வாட்சன். 1880-ஆம் ஆண்டில் ஆப்கானிஸ்தானத்து மைவாண்டில் நடந்த போரிலே வாட்சன் குண்டடி பட்டார். எங்கே பட்டது? 1887-இல் வெளிவந்த முதற்கதை தோளில் என்கிறது. 1890-இல் வந்த இரண்டாவது கதை காலில் என்கிறது. ஆசிரியர் கானன் டாயில் மறந்துவிட்டார் என்று கூறி நாம் அப்பாற் செல்வோம். அங்ஙனம் செல்ல மறுத்தவர்களும் உளர். அவர்களுடைய வரலாற்றையே இன்று சொல்ல விழைகின்றேன்.

அங்ஙனம் மறுத்தவர்களுள் ஒருவர் ரொனால்டு நாக்ஸ். மான்செஸ்டர் நகரப் பேராயரின் மைந்தர். 1911-இல் ஆக்ஸ்போர்டில் நண்பர் கழகமொன்றில் ஹோம்ஸ் கதைகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சியுரை படித்தார். அக்காலத்து ஜெர்மானிய அறிஞர் விவிலியத்தில் முரண்களைத் தேடி, இப்பகுதி ஒருவர் எழுதியது, அப்பகுதி வேறொருவர் எழுதியது என்று பிரித்து வந்தனர். அதே கத்தியைக் கொண்டு நாக்ஸ் வாட்சனை அறுத்துக் காட்டினார். இல்லாத ஜெர்மானியப் பேராசிரியர்களின் பெயர்களைப் படைத்து மேற்கோளும் காட்டினார்! கருவி எத்துணைக் கூரியதாயினும், எதையும் நிறுவ வல்லதாயின் அதனை நம்பலாகுமா என்பதே அந்நகைச்சுவையின் உள்ளீடு என்பது என் கருத்து. இத்தகைய பொருளுக்கு இவ்வளவு உழைப்பா என வியந்து டாயிலே அவருக்கு மடல் எழுதினார்.

விளையாட்டு வளர்ந்தது. ஒரு கதையில் வாட்சனை அவர் மனைவி ‘ஜேம்ஸ்’ என்று அழைக்கின்றாள். அவர் பெயரோ ஜான் எச். வாட்சன். டாரதி சேயர்ஸ் என்னும் எழுத்தாளர் அம்மையார், அந்த ‘எச்’ ஹேமிஷ் என்றும், ஹேமிஷ் என்பது ஜேம்ஸ் என்பதன் ஸ்காத்லாந்து வடிவமே என்றும் விடை கண்டார். உரையாசிரியர்களைப் பயின்ற நமக்கு இவ்வகைச் சாமர்த்தியம் புதிதன்று.

1934-இல் நியூயார்க் நகரில் கிறிஸ்டபர் மார்லி என்னும் எழுத்தாளர் ஒரு கழகம் கண்டார். ஹோம்ஸுக்கு ஒற்றறிந்து உதவிய தெருச் சிறுவர் கூட்டத்தின் பெயரையே அதற்கு இட்டார். ஹோம்ஸும் வாட்சனும் மெய்யாகவே வாழ்ந்தவர்கள், டாயில் அவர்தம் பதிப்பு முகவர் மட்டுமே என்பது அங்கே கொள்கை. நான்கு நெடுங்கதைகளும் 56 சிறுகதைகளும் அவர்களுக்குத் திருமுறை போன்றவை. 1946 முதல் இதழும் வெளிவரலாயிற்று. 1941-இல் ரெக்ஸ் ஸ்டவுட் என்பார் அவர்தம் விருந்தில் எழுந்து, வாட்சன் ஒரு பெண்ணே என்று வாதிட்டுக் கலகம் விளைத்தார்!

வாட்சன் பெண்ணாகலாம், பெண் உறுப்பினராதல்தான் ஆகாது! கழகம் ஆடவர்க்கே உரியதாயிருந்தது. 1968-இல் கல்லூரி மாணவியர் சிலர் விருந்து நடந்த விடுதியின் வாயிலில் அட்டை தாங்கி மறியல் செய்தனர். கதவு திறக்கவில்லை. இத்துணை நுட்பமாகத் தடயம் தேடியவர்கள் தம் வாயிலில் நின்றவர்களைக் காணாதது எனக்கு வியப்பே.

கழகத்தின் தொடக்கத்தில் நுழைவுத் தேர்வாகக் குறுக்கெழுத்துப் புதிர் ஒன்று வார இதழில் வெளியிடப்பட்டது. பிழையின்றி விடுவித்தவர்களுள் ஒரு பெண்மணியும் இருந்தார். 1991-இல் பெண்களுக்குக் கதவு திறந்தபோது சேர்க்கப்பெற்றவர்களுள் அவரும் ஒருவர். இடையே கழிந்த ஆண்டுகள் 57.