வெனிஸ் குதிரைகள்

வெனிஸில் புனித மாற்கு பேராலயத்தின் முகப்பை அண்ணாந்து பார்ப்பவர்கள் காண்பது நகல்களை. அசல் குதிரைகள் நான்கும் உள்ளே, செங்குத்தான படிகள் ஏறிப் போனால் வரும் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. மூச்சு வாங்கினாலும் ஏறிவிட வேண்டும். கீழிருந்து தெரியாத நெற்றி நரம்பும் விடைத்த மூக்கும் அங்கேதான் கண்ணுக்கு எட்டும்.

பெரும்பாலோர் இவற்றை வெண்கலம் என்பார்கள். உண்மையில் ஏறக்குறைய முழுச் செம்பு. வெள்ளீயம் கலந்தால் உலோகம் எளிதில் உருகும், அச்சுக்குள் நன்றாக ஓடும். வார்ப்பவருக்குப் பாதி வேலை மிச்சம். அந்தச் சுகத்தை இவற்றைச் செய்தவர்கள் வேண்டாம் என்று விட்டார்கள். பாதரசத்தில் கரைத்த தங்கத்தைப் பூசிச் சூடேற்றும்போது, வெள்ளீயம் மிகுந்த பரப்பில் முலாம் கறைபடும். பொன் சுத்தமாக ஒளிர்வதற்காகவே கடினமான உலோகத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். பிறகு அந்தப் பொன்மேலேயே மெல்லிய கீறல்கள். வெயிலில் கண் கூசாமல் உடலின் வளைவு துலங்க வேண்டும் என்று வேண்டுமென்றே கீறியவை அவை என்பது ஆய்வாளர்களின் கருத்து. இத்தனை நுட்பம் அறிந்த கைகள் கிரேக்கருடையவையா ரோமானியருடையவையா என்பதில் அவர்களுக்குள் இன்றும் ஒற்றுமை இல்லை.

குதிரைகளின் உறுதியான வரலாறு ஒரு கொள்ளையில் தொடங்குகிறது. எருசலேமை மீட்கப் புறப்பட்ட நான்காம் சிலுவைப் படை, 1204இல் கான்ஸ்டான்டிநோபிள் என்ற கிறிஸ்தவ நகரத்தையே சூறையாடியது. வெனிஸின் தலைவர் என்ரிக்கோ தாந்தொலோ, பார்வை இழந்த முதியவர், அந்தப் படையோடு இருந்தார். அவர் ஊர் திரும்பவில்லை. மறு ஆண்டு அங்கேயே இறந்தார். குதிரைகள் மட்டும் கப்பலேறின. சில பத்தாண்டுகள் கழித்துப் பேராலய முகப்பில் ஏறி, வெனிஸ் குடியரசின் வெற்றிச் சின்னமாகவே ஆகிவிட்டன.

1797இல் நெப்போலியன் அந்தக் குடியரசை முடித்துவைத்தார். குதிரைகள் இறக்கப்பட்டன. மறு ஆண்டு ஜூலையில் பாரிஸ் தெருக்களில் இத்தாலியக் கலைச் செல்வங்களோடு ஊர்வலம் போயின. பின்னர் கருசேல் வெற்றி வளைவின் உச்சியில் ஏறின. வாட்டர்லூ தோல்விக்குப் பின், 1815 டிசம்பரில் பழைய முகப்புக்குத் திரும்பின. திருப்பிக் கொடுத்தவர் ஆஸ்திரியப் பேரரசர். குதிரைகள் வந்தன, குடியரசு வரவில்லை. வெனிஸ் அப்போது அவர் ஆட்சிக்குள் இருந்தது. அவை திரும்பியதை நீதி என்று கொண்டாடியபோது, கான்ஸ்டான்டிநோபிளுக்கும் ஒரு வழக்கு உண்டே என்ற கேள்வி எழுந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதல் உலகப் போரில் ரோமுக்கும், இரண்டாம் போரில் பதுவா அருகிலுள்ள பிராலியா மடத்துக்கும் போய்த் திரும்பின. குண்டுக்குத் தப்பியவற்றைக் காற்று விடவில்லை. கடலின் உப்பு ஏற்கெனவே இருந்தது. எதிர்க்கரை மர்கேரா ஆலைகளின் கந்தகப் புகையும் சேர, பொன்னுக்கு அடியில் செம்பு அரிபடத் தொடங்கியது. 1970களில் குதிரைகளை இறக்கிச் சோதித்தார்கள். 1979இல் ஒரு குதிரை லண்டன் ராயல் அகாடமியிலும், 1980இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் நின்றது. இந்த முறை வெற்றி பெற்ற படை எதுவும் உடன் வரவில்லை. விருந்தாளியாகப் போய் வந்தது. நூற்றாண்டுகளின் பயணத்தில் நான் மனமார மகிழ்வது இந்த ஒன்றுக்குத்தான்.

அதன்பின் வெளியே நகல்கள், உள்ளே அசல்கள். இவற்றைப் பார்த்தவர்கள், அன்றைய கான்ஸ்டான்டிநோபிளான இஸ்தான்புல்லுக்கும் ஒருமுறை போக வேண்டும். குதிரைகள் நின்றதாகக் கருதப்படும் பழைய பந்தயத் திடல் அங்கே இப்போது சதுக்கமாக இருக்கிறது. அதில் இன்னமும் நிற்கும் கல்தூண் எகிப்திலிருந்து கொண்டுவந்தது. பாம்புத் தூண் கிரேக்கத்தின் டெல்ஃபியிலிருந்து. அந்த நகரமும் பிறர் செல்வத்தைச் சேர்த்தே தன்னை அலங்கரித்துக்கொண்டது. குதிரைகளும் அங்கே வேறெங்கிருந்தோ வந்திருக்கலாம்.