எல்லாம் தொடங்கிய இடத்துக்கே திரும்புமா?

மறைந்த சூரியன் மறுநாள் எழுகிறான். தேய்ந்த நிலவு வளர்கிறது. இலையுதிர்ந்த மரம் மீண்டும் துளிர்க்கிறது. இவற்றை நாள்தோறும் கண்ட மனிதன், ‘இந்த உலகம் முழுவதுமே ஒருநாள் தொடங்கிய நிலைக்குத் திரும்புமோ?’ என்று எண்ணியதில் வியப்பில்லை.

பண்டைய கிரேக்கர்கள் இதற்கு ‘அப்போகட்டாஸ்டாசிஸ்’ என்று பெயரிட்டனர். ‘பழைய நிலைக்கு மீள்தல்’ என்பது அதன் பொருள். பிசகிய மூட்டை மருத்துவர் சரியான இடத்தில் பொருத்துவதற்கும் அதே சொல்தான். வானில் ஒரு கோள் சுற்றி வந்து புறப்பட்ட இடத்தை அடைவதற்கும் அதே சொல்தான். இந்த எண்ணம் எங்கே வேரூன்றியது, பிறகு என்ன ஆயிற்று என்பதைக் காண்போம்.

எட்டு மணி நேர மிச்சம்

பாபிலோனிய வானியலார் பல நூற்றாண்டுகள் வானத்தைக் கவனித்து, கண்டவற்றைக் களிமண் பலகைகளில் பொறித்து வைத்தனர். வெள்ளிக் கோள் 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே நாளில் அதே இடத்தில் தோன்றுவதை அவர்கள் அறிந்தனர். கிரகணங்கள் 223 சந்திர மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் வருவதையும் அறிந்தனர்.

இந்த 223 மாதங்கள் 6,585 நாட்களும் சுமார் 8 மணி நேரமும் ஆகும். அதாவது 18 ஆண்டுகளுக்குச் சற்று மேல். அந்த 8 மணி நேரத்தை மறந்துவிடலாகாது. அதற்குள் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்று விடுகிறது. ஆகவே, கிரகணம் திரும்பி வந்தாலும் பழைய இடத்துக்கு வருவதில்லை. ஏறக்குறைய 120 பாகை மேற்கே தள்ளி விழுகிறது.

1980 பிப்ரவரி 16 அன்று கர்நாடகம், ஆந்திரம், ஒரிசா வழியாகச் சென்ற முழுச் சூரிய கிரகணத்தை எடுத்துக்கொள்வோம். அதே வரிசையின் அடுத்த கிரகணம் 1998 பிப்ரவரி 26 அன்று தென் அமெரிக்காவின் வடபகுதியில் தெரிந்தது. அதற்கடுத்தது 2016 மார்ச் 9 அன்று இந்தோனேஷியாவில் தெரிந்தது. மூன்று 8 மணி நேரங்கள் சேர்ந்தால் ஒரு முழு நாள் அல்லவா? எனவே, 2034 மார்ச் 20 அன்று வர வேண்டிய கிரகணத்தின் பாதை மீண்டும் இந்தியாவைத் தொடும். ஆனால் கர்நாடகத்தை அல்ல. வடகோடியில் உள்ள லடாக் பகுதியை!

இந்த மிச்சத்தைக் கிரேக்கர்களும் அறிந்திருந்தனர். அன்டிகைதெரா தீவின் அருகே மூழ்கிய கப்பலொன்றிலிருந்து 1901-இல் வெண்கலப் பற்சக்கரக் கருவி ஒன்று கிடைத்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கருவியில் 223 மாதங்களைக் காட்டும் முகப்பு இருக்கிறது. கிரகண நேரத்துடன் 8 மணி கூட்டுவதா, 16 மணி கூட்டுவதா என்று சொல்வதற்குத் தனியே ஒரு சிறு முகப்பும் இருக்கிறது.

மாபெரும் ஆண்டு

ஒவ்வொரு கோளுக்கும் ஒரு சுற்றுக்காலம் உண்டு என்றால், எல்லாக் கோள்களும் சேர்ந்து பழைய நிலைக்கு வரும் காலமும் உண்டா? பிளேட்டோ தம் ‘திமேயஸ்’ நூலில் அத்தகைய காலத்தை ‘முழுமையான ஆண்டு’ என்றார். நம் நாட்டில் ஆரியபட்டரும் 43,20,000 ஆண்டுகள் கொண்ட மகாயுகத்துக்குள் கோள்கள் முழுச் சுற்றுகளை முடிப்பதாகக் கணக்கிட்டார்.

கி.மு. 300 அளவில் ஆதென்ஸ் நகரில் தோன்றிய ஸ்டோயிக் ஞானிகள் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். உலகம் தீயில் ஒடுங்கி, அத்தீயிலிருந்தே மீண்டும் பிறக்கும் என்றனர். கோள்கள் அனைத்தும் தொடக்க நிலைக்கு வரும்போது இது நிகழும். அப்போது மீண்டும் ஒரு சாக்ரடீஸ் பிறப்பார். அதே சொற்களைப் பேசுவார். அதே நஞ்சை அருந்துவார் என்பது அவர்களிற் பலரின் கொள்கை.

அப்படியானால் நாம் செய்யும் நன்மை தீமைக்கு நாம் பொறுப்பாளிகளா? அல்லது ஏற்கெனவே நடந்த நாடகத்தை மறுபடி நடிக்கிறோமா? கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஓரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞர் இந்தக் காரணத்தைக் காட்டியே ஸ்டோயிக் சுழற்சியை மறுத்தார். அச்சு மாறாமல் எல்லாம் திரும்புமானால் மனிதனின் சுயேச்சைக்கு இடமேது என்று வாதாடினார். மீள்தல் என்ற எண்ணத்தை அவர் கைவிடவில்லை. உயிர்கள் அனைத்தும் முடிவில் இறைவனிடம் மீளும் என்று அதற்கு வேறு பொருள் கூறினார்.

கணிதத்தின் விடை

14-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் நிக்கோல் ஒரேம் இச்சிக்கலைக் கணிதத்தின் வழியே அணுகினார். வட்டப் பாதையில் இருவர் ஓடுவதாகக் கொள்வோம். ஒருவர் 3 நிமிடத்திலும் மற்றவர் 5 நிமிடத்திலும் சுற்றினால், 15 நிமிடத்தில் இருவரும் புறப்பட்ட இடத்தில் ஒன்றாக இருப்பர். ஆனால் அவர்களுடைய நேரங்களின் விகிதம் 2-இன் வர்க்கமூலம் போன்ற விகிதமுறா எண்ணாக இருந்தால்? எத்தனை கோடி ஆண்டுகள் ஓடினாலும் இருவரும் புறப்பட்ட இடத்தில் மறுபடி ஒன்றுசேர மாட்டார்கள். வானத்து இயக்கங்கள் இத்தகையவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார் ஒரேம். இதனைச் சோதிடத்துக்கு எதிரான வாதமாகவும் பயன்படுத்தினார்.

கதை இத்துடன் முடியவில்லை. 1890-இல் பிரெஞ்சுக் கணித மேதை புவான்காரே, பழைய எண்ணத்துக்குப் புதிய உயிர் கொடுத்தார். எல்லைக்குள் அடைபட்டு, ஆற்றல் மாறாமல் இயங்கும் அமைப்பு, போதிய காலம் கிடைத்தால், தன் தொடக்க நிலைக்கு மிக அருகே அநேகமாகத் திரும்பியே தீரும் என்று அவர் நிறுவினார். அப்படியானால் கலந்த வாயுக்கள் ஒருநாள் தாமே பிரிய வேண்டுமே என்று 1896-இல் செர்மெலோ வினவினார். திரும்பலாம், ஆனால் அதற்கு ஆகும் காலத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள் என்பதே போல்ட்ஸ்மனின் விடை.

நாமும் கணக்கிடலாம். ஒரு பெட்டியில் 10 மூலக்கூறுகள் உள்ளன; அவை விநாடிக்கு ஒருமுறை இடம் மாறுகின்றன. பத்தும் இடப்பாதிக்கு வந்துசேரச் சராசரியாக 1,024 விநாடி, அதாவது சுமார் 17 நிமிடம் ஆகும். 100 மூலக்கூறுகள் என்றால் ஆகும் விநாடிகள் 31 இலக்க எண்! பேரண்டத்தின் வயதான சுமார் 1,380 கோடி ஆண்டுகளை விநாடிகளாக்கினாலும் 18 இலக்கந்தான் வரும். ஒரு கன சென்டிமீட்டர் காற்றிலோ மூலக்கூறுகள் கோடி கோடிக்கும் மேல். மேலும், பேரண்டம் மூடிய பெட்டியன்று. அது விரிந்துகொண்டே போகிறது என்பதை 1929-இல் ஹபிள் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

எல்லாம் திரும்பும் என்ற நம்பிக்கையே மனிதனை வானத்தைக் கணக்கிட வைத்தது. அந்தக் கணக்கில் எஞ்சிய 8 மணி நேரம் போன்ற மிச்சங்கள்தாம், திரும்புவது எதுவும் அச்சாகப் பழையது அல்ல என்று அவனுக்குக் கற்பித்தன. 2034-இல் லடாக்கில் கிரகணம் பார்க்கப் போகும் மாணவர், 1980-இல் கர்நாடகத்தில் அதனைப் பார்த்தவரைச் சந்தித்தால் இருவரும் ஒரே கிரகணத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் கண்டவை ஒன்றல்ல.