கைத்தறி இயக்குநரும் குகை எழுத்தும்

கல்வெட்டியல் என்று ஒரு துறை இருக்கிறது என்று சொன்னாலே, "அதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்பதுதான் நம் வகுப்பில் வரும் முதல் கேள்வி. கேள்வி நியாயமானதுதான். ஆனால் தமிழ்நாட்டில் இந்தத் துறையை வளர்த்தவர்களில் சிலருக்கு இது வேலையே இல்லை!

ஐராவதம் மகாதேவனை எடுத்துக்கொள்ளுங்கள். 1930இல் பிறந்தவர். ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1960களில் சென்னையில் கைத்தறித் துறை இயக்குநராக இருந்தார். நம் ஊர்த் தறிகளும் அந்தத் துறைக்குள் வருபவைதான். வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி தூண்டிவிட, அரசுப் பணியில் இருந்துகொண்டே குகைகளில் உள்ள தமிழ் பிராமி எழுத்துகளைத் தேடிப் போனார். அவை தமிழ்தான் என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இலேயே காட்டியிருந்தார். ஆனாலும் சரியாகப் படிக்கப்படாதவை நிறைய இருந்தன.

கரூர் அருகே புகளூரில் இருந்த கல்வெட்டை 1965இல் மகாதேவன் படித்தபோது, இரும்பொறை மரபுச் சேரர்களின் மூன்று தலைமுறைப் பெயர்கள் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் பாடப்பட்ட அரசர்களுக்குக் கல்லில் சான்று! அவருடைய பெரிய நூல் 2003இல்தான் வந்தது. இடையில் ஏறக்குறைய 40 வருட உழைப்பு.

இன்னொருவர் திருச்சி கண் மருத்துவர் இரா. கலைக்கோவன். 1982இல் தம் தந்தை மா. இராசமாணிக்கனார் பெயரில் வரலாற்று ஆய்வு மையம் தொடங்கி, நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரத்தில் கோயில் கோயிலாக ஆய்வு செய்தவர்.

சரி, பி.காம். படிக்கும் நமக்கு இதில் என்ன இருக்கிறது? நம் பாடமே இருக்கிறது! உலகளந்த பெருமாள் கோயில்தான் பழைய ஊரகம். அந்தக் கோயிலைப் பற்றிய உத்தம சோழனின் செப்பேடு இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கோயில் பொன்னைக் கடனாகப் பெற்றவர்கள் தர வேண்டிய வட்டி, அதிலிருந்து செய்ய வேண்டிய செலவு, கணக்கை யார் சரிபார்ப்பது என எல்லாம் அதில் வருகிறது. அரசனுக்கு ஆடை நெய்த பட்டசாலிகளின் சேரிகளுக்குக் கோயில் மேற்பார்வைப் பொறுப்பும் தரப்பட்டிருக்கிறது. தணிக்கை என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

கைலாசநாதர் கோயிலுக்குப் போனால், சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் வெட்டிவைத்த கன்னடக் கல்வெட்டைத் தேடிப் பாருங்கள். காஞ்சியை வென்றவன், கோயில் செல்வத்தை எடுத்துப் போகாமல் கோயிலுக்கே திருப்பித் தந்ததைச் சொல்கிறது.

இந்தத் துறையைப் பரப்ப மாநாடு கூட்ட வேண்டாம். உறவினர் கல்யாணத்துக்குக் கோயிலுக்குப் போகிறோம், திருவிழாவுக்குப் போகிறோம், வெளியூர் நண்பனுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறோம். அப்போது சுவர்ப் பக்கம் இரண்டு நிமிடம் நின்று, "ஸ்வஸ்திஸ்ரீ" என்று தொடங்கும் இடத்தை விரல் படாமல் காட்டினால் போதும். சோழர் காலத் தமிழ் எழுத்து பல நம் எழுத்தை ஒத்தவை. ஒரு மாதம் பழகினால் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் பிடிபடும்.

இதில் அவசரமும் உண்டு. திருப்பணி என்ற பெயரில் சுண்ணாம்பும் பெயிண்ட்டும் பூசியும், மணலை வேகமாகப் பீய்ச்சித் தேய்த்தும் பல கோயில்களில் எழுத்துகள் அழிந்துவிட்டன. அந்த வரிகளின் மதிப்பு தெரிந்த ஒருவர் அந்த நேரத்தில் அங்கே இருந்தால் தடுத்திருக்கலாம். அதிகாரி எப்போதாவதுதான் வருவார். தினமும் கோயிலுக்குப் போகிறவர்கள் நாம்தான்.