மணலில் தொடங்கிய கை: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் பள்ளிக்கு முந்தைய ஆயத்தம்

விஜயதசமி நாளில் சிதம்பரத்து வீடுகளில் இன்றும் தாம்பாளத்தில் பச்சரிசி பரப்புகிறார்கள். தாத்தாவோ தாய்மாமனோ குழந்தையை மடியில் இருத்தி, அதன் சுட்டுவிரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறார். தட்டை லேசாகக் குலுக்கினால் எழுத்து மறைந்துவிடும். சடங்கு என்று நாம் கடந்துபோகும் இதற்குள் ஒரு கற்பித்தல் முறை இருக்கிறது. எல்.கே.ஜி.க்குக் குழந்தையைத் தயார் செய்கிறோம் என்ற பெயரில் நாம் கைவிட்டது அந்த முறையைத்தான் என்பதே என் வாதம்.

திண்ணைப் பள்ளியில் அரிசியின் இடத்தில் மணல் இருந்தது. பிள்ளைகள் எழுத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதினார்கள். அது கைக்குப் பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும் வந்தன. ஓலையில் எழுதுவது எளிதன்று. இடக்கை ஓலையைத் தாங்க வேண்டும். அதன் கட்டைவிரல் எழுத்தாணிக்கு அண்டைகொடுக்க வேண்டும். கீறல் பதியவும் வேண்டும், ஓலை கிழியவும் கூடாது. ஐந்து வயது விரல்களுக்கு அந்த வலு ஏது? மணல் மலிவானது என்பது உண்மை. அதோடு, விரல் முதிரும் வரை காத்திருக்கும் ஏற்பாடாகவும் அது இருந்தது என்று கொள்ள இடமுண்டு.

1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைகள் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியே, மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித்தரும் முறையோடு மணல் தட்டும் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளுக்குப் போயிற்று. அதன் சிக்கனம் அங்குள்ளவர்களைக் கவர்ந்தது. என்னை ஈர்ப்பது வேறொன்று: மணல் பிழையைச் சேமித்து வைப்பதில்லை. சிவப்பு மைக்கு அங்கே இடமில்லை. ஒரு தடவு தடவினால் குழந்தைக்கு மறுபடியும் புதுத் தரை கிடைத்துவிடுகிறது.

திண்ணையைப் போற்றிப் பாடுவது என் நோக்கமன்று. கோதண்டத்தில் தொங்கவிட்ட தண்டனையும் அந்தத் திண்ணையில்தான் நடந்தது. பெண் குழந்தைகள் அங்கே அரிதாகவே உட்கார்ந்தார்கள். தலித் குழந்தைகளுக்கு அந்த மணல் எட்டவே இல்லை. அவர்களுக்காகச் சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்க நேர்ந்ததே, பழைய வாசல் எவ்வளவு குறுகலாக இருந்தது என்பதற்குச் சான்று.

இன்று ஜூன் மாதக் காலையில் கடலூர் முதுநகரிலும் திருப்பாதிரிப்புலியூரிலும் வேனில் ஏறும் மூன்றரை வயதுக் குழந்தையின் பையில் கோடு போட்ட நோட்டும் பென்சிலும் இருக்கின்றன. சேர்க்கைக்கு முன் பல வீடுகளில் நிறங்களின் பெயரையும் உடல் உறுப்புகளின் பெயரையும் ஆங்கிலத்தில் ஒப்பிக்க வைக்கிறார்கள். நர்சரிச் சேர்க்கைக்கான தேர்வையும் நேர்காணலையும் ஒழிக்க வேண்டும் என்று மத்திய அரசு அமைத்த யஷ்பால் குழு 1993-இலேயே சொன்னது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்துதான் உரிமை தருகிறது. மூன்று முதல் ஆறு வயது வரை அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்பதோடு அதன் 11-ஆம் பிரிவு நின்றுவிடுகிறது. சட்டம் விட்ட இந்த இடைவெளியைப் பெற்றோரின் அச்சம் நிரப்புகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற பயத்தோடு ஒரு தாய் தனியாக விடப்பட்டிருக்கிறாள்.

மணலின் பொறுமையையும் எல்லோருக்கும் திறந்த வாசலையும் ஒருசேரத் தரக்கூடிய இடம் நம்மிடம் உண்டு. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடி அது. ஊரில் இன்றும் அதற்குப் பால்வாடி என்றே பெயர். அங்கே குழந்தை முதலில் கற்பது அம்மாவை விட்டு இரண்டு மணி நேரம் இருப்பதை. பிறகு வெளியே போக வேண்டும் என்று டீச்சரிடம் சொல்வது, கை கழுவுவது, சோற்றைத் தானே பிசைந்து உண்பது. பிசையும் அந்த விரல்கள்தாம் நாளை பென்சிலைப் பிடிக்கப்போகின்றன. பூத் தொடுப்பதும், பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை எண்ணிப் போடுவதும், தேவனாம்பட்டினக் கரையில் குச்சியால் கோடு இழுப்பதும் எழுத்துப் பயிற்சியே. அங்கன்வாடிகளுக்கான பாடத்திட்டத்துக்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று பெயரிட்டவர்கள் இதை அறிந்தே பெயரிட்டிருக்க வேண்டும். 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலிருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வந்தபோது நான் மகிழ்ந்தேன். கூடவே நோட்டும் பென்சிலும் வந்து இந்த விளையாட்டை விரட்டிவிடக் கூடாதே என்ற கவலையும் இருந்தது.

பிச்சாவரத்தையும் கிள்ளையையும் ஒட்டி வாழும் இருளர் குடியிருப்புகளை நினைத்தால் அந்தக் கவலை கூடுகிறது. பெற்றோர் உப்பங்கழியில் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பதைப் பார்த்து வளரும் குழந்தை அது. கண்ணுக்குத் தெரியாத உயிரை விரல்நுனியால் அறியும் நுட்பம் அதன் வீட்டில் இருக்கிறது. பென்சில் பிடித்ததில்லை, கேள்விக்கு வாய் திறக்கவில்லை என்பதால் முதல் வாரத்திலேயே 'இது தயாராகவில்லை' என்று அதைப் பின்வரிசைக்குத் தள்ளுவது எந்த அளவுகோலின்படி? ஆயத்தமாக வேண்டியது அங்கே பள்ளிதான். முதல் பருவம் முழுவதும் நோட்டை அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு தட்டு மணலை அந்தக் குழந்தையின் முன் வைத்து, பக்கத்தில் டீச்சரும் தரையில் உட்கார வேண்டும்.